கறை எடுக்கப் போய் உடுப்பைக் கெடுக்காமல் இருக்க

எங்கள் வீட்டில் கறையால் கெட்ட உடுப்பை விட, கறை எடுக்கப் போய்க் கெட்ட உடுப்புத்தான் அதிகம். வெள்ளைச் சேட்டில் தேத்தண்ணி சிந்தும். பதறிப்போய்ச் சவர்க்காரம் போடுவோம், போகாது. பிளீச் ஊற்றுவோம், அதுவும் சரிவராது. யாரோ சொன்னார்கள் என்று பற்பசை பூசுவோம். அப்புறம் பிரஷ்ஷால் உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சி, கடைசியில் கறை அப்படியே மங்கலாக நிற்க, அந்த இடத்துத் துணி மட்டும் பஞ்சாகிப் போயிருக்கும்.

ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அனெக்ஸில் அறை எடுத்து, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் உடுப்பைத் தானே தோய்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடையில் விற்கும் கறைநீக்கிகளை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குசினியில் இருப்பதையும் பார்மசியில் வாங்கும் இரண்டு சிறு போத்தல்களையும் வைத்தே பெரும்பாலான கறைகளைச் சமாளிக்கலாம்.

முதலில் சாமான். நிறமில்லாத வெள்ளை வினாகிரி ஒரு போத்தல் (தென்னை வினாகிரி கறிக்கு நல்லது, வெள்ளைத் துணிக்கு வேண்டாம், அதற்கே ஒரு நிறம் இருக்கிறது). அப்பச்சோடா ஒரு பைக்கற். பேக்கிங் பவுடர் வேறு சாமான், மாறி வாங்கிவிடாதீர்கள். உப்பு, தேசிக்காய், பாத்திரம் கழுவும் திரவம் எப்படியும் வீட்டில் இருக்கும். பார்மசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிறிய போத்தல் ஒன்றும், 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட் ஒன்றும் கேளுங்கள். சில போத்தல்களில் 10 வொலியூம் என்று போட்டிருக்கும், அது இதேதான். 20 வொலியூம் என்றால் இரண்டு மடங்கு கடுமை, அதை விட்டுவிடுங்கள். இவற்றோடு பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றும், சாயம் போகாத வெள்ளைப் பழந்துணிகள் நாலைந்தும் போதும்.

ஸ்பிரிட்டையும் பெரொக்சைட்டையும் வாங்கிய போத்தலிலேயே வைத்திருங்கள். மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி யன்னலடியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் வாசித்துவிட்டு மிச்சத்தை மறந்தாலும் பரவாயில்லை. பிளீச்சோடு எதையும் கலக்காதீர்கள். வினாகிரி, தேசிப்புளி, கழிவறை கழுவும் அமிலம், எது பிளீச்சில் பட்டாலும் குளோரீன் வாயு கிளம்பும். அனெக்ஸ்களின் குளியலறை எவ்வளவு பெரிதென்று தெரியும்தானே, ஒரு சின்னச் சதுரயன்னல், அதுவும் பாதி மூடியிருக்கும். அதற்குள் அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் நெஞ்சு எரிந்து இருமல் நிற்காது. தவறுதலாக நடந்துவிட்டால் வாளியைத் தூக்கி ஊற்றுகிறேன் என்று நிற்காமல் முதலில் வெளியே ஓடுங்கள், மூச்சு சரிவராவிட்டால் 1990 அம்புலன்ஸ். வினாகிரியையும் பெரொக்சைட்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்ப்பதும் கூடாது, அது தோலையும் கண்ணையும் அரிக்கும் வேறோர் அமிலமாக மாறும். வீட்டுச் சாமான் என்பதால் எல்லாம் சாதுவானது என்றில்லை.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் சேர்த்தால் ஆபத்தொன்றும் இல்லை, பயனும் இல்லை. அந்த நுரையைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, காற்றும் கொஞ்சம் உப்புத் தண்ணீரும்தான் மிஞ்சும். ஒன்றைப் போட்டு, நன்றாக அலசி, பிறகு மற்றதைப் போடுங்கள்.

சரி, கறை பட்டுவிட்டது. கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொண்டு இந்த ஒழுங்கில் போங்கள்.

ஒன்று, ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். கட்டியாக இருந்தால் கரண்டிக் காம்பால் வழித்துவிட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து சத அளவு புள்ளி சாசர் அளவு ஆகிவிடும்.

இரண்டு, குளிர்ந்த தண்ணீரைத் துணியின் பின்பக்கத்தால் விடுங்கள். வந்த வழியாலேயே கறையை வெளியே தள்ளுவதுதான் கணக்கு. முன்பக்கத்தால் குழாயைத் திறந்தால் அது இன்னும் உள்ளே போகும்.

மூன்று, எந்த மருந்தையும் முதலில் உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். புறக்கோட்டையில் வாங்கிய மலிவுச் சேட்டோ, நல்ல பத்திக் சட்டையோ, நிறம் துணியில் வந்தால் அந்த மருந்து அந்த உடுப்புக்கு இல்லை.

நான்காவதுதான் எல்லோரும் தவறுகிற இடம். கறை முழுதாகப் போகும்வரை அயன் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், டிரையர் இருந்தால் அதையும்தான். பல கறைகள் சூட்டில் நூலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஈரமாக இருக்கும்போது போனதுபோலத் தெரியும், காய்ந்தால் திரும்ப எட்டிப் பார்க்கும். ஆகவே நிழலில் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அயன் பண்ணுங்கள்.

இனி ஒவ்வொரு கறையாகப் பார்க்கலாம். மஞ்சளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் கறை என்றால் பத்தில் ஏழு கறிதான்.

கொழும்புக்கு வந்த புதிதில் வெள்ளவத்தை ஹம்டன் லேனில் ஓர் அனெக்ஸில் இருந்தேன். ஒருநாள் இரவு இடியப்பத்துக்குப் பருப்பு ஊற்றும்போது சேட்டின் கைமடிப்பில் ஒரு துளி தெறித்தது. அடுத்த நாள் போட வேண்டிய சேட். ஓடிப்போய்ச் சவர்க்காரக் கட்டியை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான், மஞ்சளாக இருந்த இடம் செக்கச் செவேலென்று சிவந்துவிட்டது. யாரோ கையை வெட்டிக்கொண்டதுபோல. இன்னும் சவர்க்காரம் போட்டேன், இன்னும் சிவந்தது. வீட்டுக்கார அன்ரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அது ஒண்டுமில்லைப் பிள்ளை, மஞ்சள் சவுக்காரத்தைக் கண்டா அப்பிடித்தான். முதல்ல அதை அலசுங்கோ, தேசிக்காய்ப் பாதி தாறன்" என்றார். பிழிந்து விட்டதும் சிவப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சளாகிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். "கறை போயிற்று" என்றேன். "எங்க போனது? நிறந்தான் மாறினது. நாளைக்கு வேற சேட்டைப் போடுங்கோ, இதை வெயில்ல போடுங்கோ."

விஷயம் இதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், புளியில் மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறார்களே, அதே வேலைதான் என் சேட்டிலும் நடந்தது. இந்தக் குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் நன்றாகக் கரையும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி ஒன்றும் ஆகாமல் போவது இதனால்தான். ஆனால் வெயிலுக்கு அது தாங்காது.

ஆகவே கறியை வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு விரலால் மெதுவாக நீவி, பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். முதலில் எண்ணெய் கழன்றுவர வேண்டும், மஞ்சள் அந்த எண்ணெயில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மிச்சத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றுங்கள், ஒற்றும் துணி மஞ்சளாகும், இடத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். திரும்ப அலசி, பிழிந்து, ஈரமாகவே கறைப் பக்கம் சூரியனைப் பார்க்கக் கொடியில் போடுங்கள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரையான வெயில் இதற்கென்றே செய்தது மாதிரி. ஒருநாளில் பாதி போகும், இரண்டு மூன்று நாளில் இருந்த இடம் தெரியாது. நிறத் துணி என்றால் வெயில் துணியின் நிறத்தையும் தின்னும் என்பதால், உள்புறத்தை வெளியே திருப்பி, கொஞ்சக் கொஞ்ச நேரமாகக் காட்டுங்கள்.

மேற்கே கடலைப் பார்க்கும் அடுக்குமாடி என்றால் காலை வெயில் வராது, பின்னேரம்தான் வரும். மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள். கறை எடுக்கும் சாமானில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடி என்றதும் பல்கனியும் அதன் துருவும் ஞாபகம் வருகிறது. கடற்காற்றுக்குக் காலி வீதியின் கடற்பக்கம் எந்தக் கம்பிதான் துருப்பிடிக்காமல் இருக்கிறது? பல்கனிக் கம்பியில் ஈரச் சேட்டைப் போட்டால் மாலையில் முதுகுக்குக் குறுக்கே ஒரு செம்மண்ணிறக் கோடு இருக்கும். இதற்குப் பிளீச் போட்டால் கோடு இன்னும் அழுத்தமாகும், போடவே வேண்டாம். கோட்டின் மேல் உப்புத் தூவி, தேசிக்காய் பிழிந்து ஊறவிட்டு, வெயிலில் ஒரு மணி இரண்டு மணி நேரம் வையுங்கள், காயக் காய இன்னும் கொஞ்சம் பிழியுங்கள். தேசிப்புளி துருவின் இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு ஒரு துளி புளியும் இல்லாமல் அலசுங்கள். இது வெள்ளைப் பருத்திக்குத்தான். நிறத் துணி என்றால் உள்தையலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு கவனம். தேசிச்சாறு பட்ட கையோடு வெயிலில் நிற்காதீர்கள். தேசித் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுடும், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கொப்பளித்து, ஆறிய பிறகும் கறுத்த தழும்பாகக் கனகாலம் நிற்கும். எனக்குப் புறங்கையில் வந்தது, இரண்டு மாதம் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிழிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாடிக்கு ஏற வேண்டும்.

இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் எதிரி. முட்டை வெள்ளை சூட்டில் எப்படி இறுகுகிறதோ அப்படி இரத்தமும் இறுகிவிடும். குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்தால் விட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை பொறுங்கள். பிறகு அரை லீட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் புதிய கறை அனேகமாகப் போய்விடும். மாதவிடாய்க் கறைக்கும் இதேதான், வெட்கப்பட்டு வாளியில் ஒளித்துவைத்துக் காயவிடாமல் உடனே நனைத்தால் பாதி வேலை முடிந்தது. தலையணை உறையில் நுளம்பை அடித்த கறை காய்ந்திருந்தால், வெள்ளைத் துணியில் 3 சதவீதப் பெரொக்சைட் இரண்டு துளி விடுங்கள். புசுபுசுவென்று நுரைக்கும், நுரையை ஒற்றி எடுத்துத் திரும்ப விடுங்கள், நுரைப்பது நின்றதும் அலசுங்கள். நிறத் துணிக்கு இது வேண்டாம், நிறமும் சேர்ந்து வெளுக்கும். பட்டு, கம்பளி பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.

பேனை மை. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைப் பொக்கற், அலுவலகச் சேட்டின் பொக்கற், இரண்டுக்கும் கதை ஒன்றுதான். போல்பொயின்ற் மை ஸ்பிரிட்டில் கரையும். பொக்கற்றுக்கு உள்ளே மடித்த டிஷூவை வையுங்கள், இல்லாவிட்டால் மை கீழ்த்துணிக்கு இறங்கிக் கறை இரட்டிக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். நீலம் டிஷூவில் இறங்கும். டிஷூவை மாற்றுங்கள், பஞ்சை மாற்றுங்கள், பத்துத் தடவையாவது மாற்ற வேண்டிவரும், சலிக்காதீர்கள். ஸ்பிரிட் இல்லாவிட்டால் கைக்குப் பூசும் சனிற்றைசரும் கைகொடுக்கும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ, சாமியறை விளக்குக்குப் பக்கத்திலோ இதைச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள். ஜெல் பேனை மைக்கு இது அவ்வளவாகப் பலிக்காது, முயன்று பார்க்கலாம்.

தேத்தண்ணி, பிளேன்ரீ, கோப்பி எல்லாம் ஒரே குடும்பம். உடனே தண்ணீர், பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வாஷிங் பவுடரில் தோயுங்கள். சவர்க்காரக் கட்டியை நேரே தேய்க்க வேண்டாம், இந்தக் கறையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பால்தேத்தண்ணி என்றால் முதலில் குளிர்ந்த தண்ணீர்தான், பால் இருக்கிறதல்லவா.

எண்ணெய்க்கு முதல் ஆள் தண்ணீர் அல்ல, பவுடர். கொத்து சாப்பிட்ட கை, வடை சுற்றிய கடதாசி, கோயில் விளக்கெண்ணெய் எதுவாக இருந்தாலும் முகத்துக்குப் போடும் பவுடரோ கோதுமை மாவோ தடிப்பாகத் தூவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை உறிஞ்சிக் கட்டிகட்டியாகும், தட்டிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம். துணி தாங்குமென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீர் இங்கே நல்லது. கொச்சிக்கடைத் தேவாலயத்தில் மெழுகுதிரி உருகிக் கையில் விழாமல் உடுப்பில் விழுந்தால், ஐஸ் கட்டி வைத்து இறுக்கி உடைத்தெடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மேலும் கீழும் வெள்ளைக் கடதாசி வைத்து மெல்லிய சூட்டில் அயன் பெட்டியால் அழுத்துங்கள். அயன் பெட்டிக்கு நான் அனுமதி தரும் ஒரே கறை இதுதான்.

வெள்ளைச் சேட்டின் அக்குளில் வரும் மஞ்சள், வியர்வையால் மட்டும் வருவதில்லை. வியர்வை நிறுத்தும் உருளைகளில் உள்ள அலுமினியம் உப்பும் வியர்வையும் சேர்ந்து இறுகுவதுதான். பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும். வினாகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, அதற்குப் பிறகு அப்பச்சோடா மூன்று பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் தோயுங்கள். இரண்டு மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கொழும்பு வெக்கைக்கு இது ஒருநாளில் வந்ததல்ல, ஒருநாளில் போகாது.

வாஷிங் பவுடர் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்தண்ணீர், அங்கே நுரை வரப் பவுடர் கூடப் போட்டே பழகியிருப்போம். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கைத் தண்ணீர், மென்மையானது. அதே அளவைப் போட்டால் ஐந்து தரம் அலசினாலும் நுரை போகாது, துணியில் தங்கும் பவுடர் அழுக்கைத்தான் இழுக்கும். அளவைக் குறையுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. இந்த மாதங்களில் தோய்த்த உடுப்பைச் சில நாள் ஈரமாக வாளியில் விட்டாலே போதும், கறுப்புப் புள்ளி போட்டுவிடும். பூஞ்சணம். முதலில் வெளியே கொண்டுபோய், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், அறைக்குள் தட்டினால் அலுமாரி முழுக்கப் பரவும். வினாகிரி ஒன்றுக்குத் தண்ணீர் நான்கு என்று கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தோய்த்து, வெயில் கிடைத்த அன்று வெயிலில் போடுங்கள். வெள்ளைப் பருத்தியில் மிஞ்சும் புள்ளிக்குப் பெரொக்சைட், ஆனால் வினாகிரியை முழுதாக அலசிய பிறகு. மணம் போய்விடும், பூஞ்சணமும் போய்விடும். பழைய புள்ளிகள் சில நின்றே தீரும்.

இனி தோற்றுப்போன இடம். வாழைக்கறை. வாழைப்பொத்தி வெட்டும்போது படுகிற பால் முதலில் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது, அதனால் விட்டுவிடுவோம். காற்றுப் பட்டுக் கறுத்த பிறகுதான் தெரியும், அப்போது காலம் கடந்துவிட்டது. பட்டது தெரிந்த அந்த நிமிடமே தேசிக்காயும் தண்ணீரும், அதை விட்டால் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சேட் இப்படிப் போய், இப்போது அதைப் பொத்தி வெட்டும்போது மட்டும் போடுகிறேன். பலாப்பழப் பால் அப்படியல்ல, அது பிசின். ஐஸ் வைத்து இறுக்கி உரித்துவிட்டு, மிச்சத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, இளகியதும் ஒற்றி எடுத்து, பிறகு எண்ணெய்க் கறைக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

பட்டுச் சாறி, கம்பளிக் கோட்டு, சரிகை வைத்த எதுவும் இந்தக் கட்டுரைக்குள் வராது. அப்பச்சோடா பட்டுக்கு ஆகாது, தண்ணீரே சில பட்டில் வளையம் போடும். காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிவிட்டு லோண்டரிக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது என்ன கறை, எப்போது பட்டது, அதில் நீங்கள் ஏற்கெனவே என்னென்ன ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் ஒரு துண்டில் எழுதிச் சாறியோடு குத்தி விடுங்கள்.